ஓநாய்க் குட்டியைத் தூக்கி வராதீர்கள்

குளிர்காலத்தில்தான் தக்காணப் புல்வெளிகளில் ஓநாய்கள் பெரும்பாலும் குட்டி போடும். வடகர்நாடகம், மகாராஷ்டிரம் பக்கம் வேலை செய்யும் என்னைப் போன்ற காட்டுயிர் மருத்துவர்களுக்கு அந்த மாதங்களில் அழைப்புகளும் கூடும். புதரோரம் நான்கைந்து குட்டிகள் கிடந்தன, தாயைக் காணோம், நாய் கடித்துவிடுமோ என்று வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டோம், என்ன பால் கொடுப்பது என்று கேட்பார்கள். எல்லோருமே நல்ல மனதோடு செய்தவர்கள்தான். ஆனாலும் கிணற்றில் விழுந்த ஓநாயையும் வண்டியில் அடிபட்ட ஓநாயையும் விட, இப்படி வீடு வந்து சேரும் குட்டிகளை நினைத்துத்தான் எனக்குக் கவலை அதிகம்.

தாய் எங்கேயும் ஓடிப்போயிருக்காது. இரை தேடிப் போயிருக்கும், இல்லையென்றால் நாம் வந்ததைப் பார்த்துவிட்டுத் தூரத்தில் பதுங்கியிருக்கும். கூட்டத்திலுள்ள மற்ற ஓநாய்களும் குட்டிகளுக்காக வேட்டையாடி, தின்றதைக் கக்கி ஊட்டுகின்றன. அதனால் குட்டிகள் மணிக்கணக்காகத் தனியே இருப்பது சாதாரணம். வளைப் பக்கம் ஆள் நடமாட்டம் தெரிந்தால் தாய் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி வேறு இடத்துக்கு மாற்றும். அந்த நேரத்தில் போகிறவருக்கு, மிச்சமிருக்கும் கடைசிக் குட்டி அநாதையாகத் தெரியும்.

பிறந்து இரண்டு வாரத்தில் குட்டி கண் திறக்கும். அதையொட்டிய சில வாரங்களில் யாருடைய வாசனையும் தொடுதலும் கிடைக்கிறதோ அவர்களையே அது தன் கூட்டமாக எடுத்துக்கொள்ளும். புட்டிப்பால் குடித்து வளர்ந்த ஓநாய்க்கு மனிதர்மேல் பயம் இருக்காது, வேட்டையும் தெரியாது. காட்டில் விட்டால் நேராக ஊருக்குள்தான் வரும், வந்தால் அடித்துக் கொன்றுவிடுவார்கள். ஆகவே வாழ்நாள் முழுக்கக் கூண்டுதான். சட்டமும் இருக்கிறது: 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்பு பெறும் விலங்குகளின் பட்டியலில், ஓநாய் உள்ளது. குட்டியை வீட்டில் வளர்ப்பது குற்றம்.

சரி, ஏற்கெனவே எடுத்து வந்துவிட்டால்? முதல் சில மணி நேரம்தான் முக்கியம். பசும்பால் கொடுக்க வேண்டாம், குளிப்பாட்ட வேண்டாம், குழந்தைகள் கையில் கொடுக்கவே வேண்டாம். அட்டைப்பெட்டியில் துணி விரித்து, சத்தமில்லாத இடத்தில் வைத்துவிட்டு வனத்துறையைக் கூப்பிடுங்கள். கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் 1926 என்ற எண். உடம்பில் காயமோ நீரிழப்போ இல்லையென்றால், எடுத்த இடத்திலேயே அன்று மாலை திரும்ப வைப்போம். குட்டி ஏறி வெளியே வர முடியாத, தாய் குனிந்து எடுக்கக்கூடிய உயரத்தில் ஒரு பெட்டி, பக்கத்தில் தானியங்கிக் கேமரா, அவ்வளவுதான். அப்புறம் எல்லோரும் விலகிவிட வேண்டும். இந்த வேலையில் கடினமானதே அதுதான், வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் நகராது. மனித வாசனை பட்டால் தாய் ஏற்காது என்ற பேச்சை நம்பாதீர்கள். இரவில் தாய் வந்து கவ்விக்கொண்டு போவதைக் கேமராவில் பார்த்திருக்கிறேன்.

இந்தியாவில் ஓநாய்கள் சுமார் 3,000 இருக்கலாம் என்கிறார்கள், புலிகளை விடக் குறைவு. புலிக்குக் காடு இருக்கிறது. ஓநாய் வாழும் புல்வெளியோ அரசுப் பதிவேட்டில் பெரும்பாலும் 'தரிசு'. அதனால்தான் தொழிற்சாலைக்கும் சூரிய மின்தகடுகளுக்கும் அந்த நிலம் முதலில் போகிறது. மரம் நடுகிறேன் என்று அதைக் கெடுப்பதும் நடக்கிறது. ஓநாய்க்கென்றே அமைந்த சரணாலயங்கள் மிகச் சில: ஜார்க்கண்டில் 1976-இல் அறிவிக்கப்பட்ட மகுவாடாண்ட், கர்நாடகத்தில் மேல்கோட்டை, அண்மையில் கொப்பள் மாவட்டத்தின் பங்காபூர். பங்காபூர் சுமார் 330 ஹெக்டேர்தான். ஓர் ஓநாய்க் கூட்டம் சுற்றித்திரியும் பரப்பு அதைவிடப் பல மடங்கு. மிச்சப் பொழுதெல்லாம் வயலிலும் மேய்ச்சல் நிலத்திலும், மக்கள் நடுவேதான் அது வாழ்கிறது.

பள்ளிகளில் பேசப் போனால் ஓநாய் ஆளைக் கொல்லுமா என்றுதான் பிள்ளைகள் முதலில் கேட்பார்கள். கொன்றிருக்கிறது. 2024-இல் உத்தரப்பிரதேசத்தின் பஹ்ராயிச்சில் குழந்தைகள் உயிரிழந்ததை மறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் இயல்பான ஓநாய் மனிதரைக் கண்டால் ஒதுங்கிப் போகும். பட்டப்பகலில் வந்து எதிர்ப்படும் எல்லோரையும் கடித்தால் வெறிநோய் (ரேபிஸ்) என்று சந்தேகப்படுங்கள். கடிபட்ட இடத்தை ஓடும் நீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசி தொடங்க வேண்டும்.

ஆடு போனால் மேய்ப்பருக்கு அது பெரிய அடி. மந்தையில் ஓநாய்க்கும் ஒரு பங்கு உண்டு என்று சொல்லும் பெரியவர்களைச் சந்தித்திருக்கிறேன். அந்தப் பெருந்தன்மையை நம்பியே பாதுகாப்புத் திட்டம் போடுவது நியாயமில்லை. இழப்பீடு உண்டு, ஆனால் அதிகாரி வந்து பார்க்கும்வரை செத்த ஆட்டோடு காத்திருக்க, ஊர் ஊராகப் போகிறவரால் முடியுமா? இது மாறாமல், ஓநாயைக் கொல்லச் செத்த ஆட்டில் விஷம் வைக்காதே என்று அவரிடம் சொல்ல நமக்கு வாய் வராது.

இன்னொரு ஆபத்து நாய்கள். வெறிநோயும், டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயும் நாய்களிடமிருந்து ஓநாய்க்குத் தொற்றினால் ஒரு கூட்டமே அழியலாம். புணே அருகே ஓநாயும் நாயும் கலந்து பிறந்த விலங்கு இருப்பதை 2023-இல் வெளியான மரபணு ஆய்வு உறுதிசெய்தது. மந்தை தங்கும் கிடையில் காவலிருக்கும் நாய்களுக்குத் தடுப்பூசி போட மேய்ப்பரை மருந்தகத்துக்கு வரச் சொல்லிப் பயனில்லை, கிடை நகர்ந்துகொண்டே இருக்கும். ஊசியை நாம்தான் கிடைக்குக் கொண்டு போக வேண்டும், அதுவும் ஓநாய்கள் குட்டி போடுவதற்கு முன்பே. உங்கள் ஊர்ப் பக்கம் கிடை போட்டிருந்தால் கால்நடை மருந்தகத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.