அனுப்பும் முன்பே போகும் எழுத்துகள்

"அண்ணாச்சி, டைப் அடிச்சிட்டு அனுப்பாம அழிச்சாக்கூட ஃபேஸ்புக்காரனுக்குத் தெரிஞ்சிருமாமே?" பாளையங்கோட்டையில் செல்போன், லேப்டாப் சர்வீஸ் பார்க்கும் என்னிடம் பலரும் கேட்கிற கேள்வி இது.

பாதி உண்மை. ஃபேஸ்புக்கோடு சேர்ந்து நடந்த ஆய்வு ஒன்று 2013-இல் வெளிவந்தது. 39 லட்சம் பேரை 17 நாள் கவனித்ததில், 71 சதவீதம் பேர் ஒரு தடவையாவது எதையோ எழுதத் தொடங்கிப் பதிவிடாமல் விட்டிருந்தார்கள். என்ன எழுதினார்கள் என்பதை எடுக்கவில்லை, எழுதினார்களா என்பதை மட்டும் பார்த்தோம் என்றார்கள் ஆய்வாளர்கள். எழுதியவருக்குத் தெரியாமல் அதைப் பார்த்ததே தப்பு என்பேன் நான்.

கூகுள் தேடலில் ஒளிவுமறைவு கிடையாது. 'தென்காசி ப' என்று அடிக்கும்போதே கீழே 'பஸ்' என்று வருகிறதே, எழுத்துகள் அவர்கள் சர்வருக்குப் போனால்தான் அது வரும். பிறகு அழித்தாலும் போனது போனதுதான்.

என்னை உறுத்துவது படிவங்கள். டீச்சர் ஒருவர் மனை விற்கும் தளத்தில் மெயில் முகவரியை அடித்துவிட்டு, விலையைப் பார்த்ததும் வேண்டாமென்று மூடிவிட்டார். சாயங்காலமே 'பதிவை முடிக்கவில்லையே' என்று மெயில். "சப்மிட்டே குடுக்கலையே தம்பி, எப்படிப் போச்சு?" என்று பதறிக்கொண்டு வந்தார். கட்டத்தில் அடிப்பதை, அந்த இணையப் பக்கத்துக்குள்ளேயே ஓடும் ஸ்கிரிப்ட் என்ற சிறு நிரல் அப்போதே எடுத்து அனுப்பிவிட முடியும். 2022-இல் ஐரோப்பியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு லட்சம் தளங்களைச் சோதித்தார்கள். அமெரிக்காவிலிருந்து திறந்தபோது 2,950 தளங்களில் சப்மிட் கொடுக்கும் முன்பே மெயில் முகவரி, இணையத்தில் நாம் செய்வதைப் பின்தொடரும் கண்காணிப்பு நிறுவனங்களுக்குப் போயிருந்தது. ஐரோப்பாவிலிருந்து திறந்தபோது 1,844. நம் நாட்டிலும் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியிருக்கிறது. அதைச் சொல்லிக் கேள்வி கேட்க நாம் பழக வேண்டும்.

இதைவிடப் பெரிய ஓட்டை கீபோர்டு. முக்கூடல் பக்கத்துப் பையன் ஒருவன், போன் இழுக்கிறது என்று கொண்டுவந்தான். கீபோர்டில் ரோஜாப்பூ படம், மேலே விளம்பரப் பட்டை, கேள்விப்படாத கம்பெனி. தமிழில் அடிக்கத் தனி ஆப் வேண்டும் என்று நினைத்துப் போட்டிருக்கிறான். புதுக் கீபோர்டை ஆன் செய்யும்போதே ஆண்ட்ராய்டு எச்சரிக்கும்: பாஸ்வேர்டு, கார்டு எண் உட்பட நீங்கள் அடிப்பதையெல்லாம் இது சேகரிக்கக்கூடும் என்று. "அதுக்கு ஓகே குடுத்தாத்தான அண்ணாச்சி கீபோர்டே வருது" என்றான். அவன் சொன்னது நியாயம்தான். நல்ல கீபோர்டுக்கும் அதே எச்சரிக்கைதான் வருகிறது, பிறகு யார் படிப்பார்கள்?

வாட்ஸ்அப் பூட்டுப் போட்டுத்தானே அனுப்புகிறது என்பார்கள். பூட்டு விழுவது அனுப்பும்போது. கீபோர்டு அதற்கு முன்னாலேயே இருக்கிறது. 2017-இல் 'ஏஐ.டைப்' என்ற கீபோர்டு ஆப்பின் தரவுத்தளம் பாஸ்வேர்டே இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்தது; 3.1 கோடிப் பேரின் விவரங்கள் அதில் இருந்தன. 2024-இல் டொரன்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் என்ற ஆய்வுக்கூடம் ஒன்பது நிறுவனங்களின் சீனமொழிக் கீபோர்டுகளைச் சோதித்தது. எட்டு நிறுவனங்களுடையதில், அடிக்கும் எழுத்தை நடுவழியிலேயே பிறர் படிக்க இடமிருந்தது. வேண்டுமென்றே திருட வேண்டியதில்லை, கவனக்குறைவே போதும்.

யுபிஐ பின் நம்பருக்கு இந்தப் பயம் குறைவு. பின் கேட்கும் திரை தன் சொந்த எண் பலகையைத்தான் காட்டும். மெயில் பாஸ்வேர்டுக்கு அந்தக் காவல் இல்லை.

தமிழுக்கென்று தனி ஆப் தேட வேண்டாம். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் கூடவே வரும் கூகுளின் கீபோர்டான ஜிபோர்டில் தமிழைச் சேர்த்துக்கொள்ளலாம், பேசியும் எழுதலாம். அதன் செட்டிங்ஸில் பயன்பாட்டு விவரம் பகிர்வதை நிறுத்திவிடுங்கள். முன்பு போட்ட கீபோர்டை முதலில் அன்இன்ஸ்டால் செய்துவிட்டு, அதற்குப் பிறகு பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். அவசரத்தில் அதிலேயே அடித்து மாற்றினால், புதுப் பாஸ்வேர்டும் அதே வழியில் போய்விடும்.