ஏற்காட்டு மழையும் எக்செல் சராசரியும்

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் தினமும் காலையில் மழைமானியைப் பார்த்து நோட்டில் குறிப்பார். மார்ச், ஏப்ரலில் விழும் கோடை மழைக்குத்தான் காப்பி பூக்கும், அதனால் அந்தக் கணக்கில் அவர் கறார். நோட்டை எக்செல்லில் ஏற்றுவது மகள் வேலை. ஏப்ரல் முடிந்ததும் போன் வந்தது.

"நாளுக்குச் சராசரி 10.5 மில்லிமீட்டர்னு காட்டுதுங்க. அப்படின்னா மாசத்துக்கு 315. அவ்வளவு பெய்ஞ்சிருந்தா நான் எதுக்குங்க ஸ்பிரிங்க்ளர் ஓட்டறேன்?"

ஷீட்டை வாங்கிப் பார்த்தேன். மழை பெய்தது 5 நாள்: 4, 18, 10, 22, 6. மொத்தம் 60. 30 நாளால் வகுத்தால் 2தான் வர வேண்டும்.

மழையில்லாத நாள்களுக்கு, நோட்டில் இருந்தபடியே ஒரு கோடு போட்டிருந்தாள் மகள். ஆவரேஜ் ஃபார்முலாவுக்குக் கோடு, எழுத்து, காலி செல் எல்லாம் ஒன்றுதான், கண்டுகொள்ளாது. 0 என்று எழுதினால்தான் அந்த நாள் கணக்கில் சேரும். ஆக, வகுக்கும் எண் 30 போய் 5 ஆனது. சரி, அப்படியே பார்த்தாலும் 12 வந்திருக்க வேண்டுமே? ஒரு செல்லில் '18 மி.மீ.' என்று அலகையும் சேர்த்து அடித்திருந்தாள். அது எக்செல்லுக்கு எழுத்து. மிச்சமிருந்த 42ஐ 4ஆல் வகுத்து 10.5 என்றது.

எண் உள்ள செல்களை மட்டும் எண்ணிச் சொல்லும் கவுண்ட் ஃபார்முலாவை அதே வரிசைக்குப் போட்டதுமே குட்டு உடைந்தது: 4. சராசரி சந்தேகமாக இருந்தால் நான் முதலில் போடுவது இதைத்தான். அலகில்லாத வெறும் 18ஐயும் நம்பிவிட முடியாது. செல் 'டெக்ஸ்ட்' வடிவத்தில் இருந்தபோது அடித்திருந்தால் அதுவும் எழுத்தே. வேடிக்கை என்னவென்றால், பிளஸ் குறி போட்டால் எக்செல் அதை எண்ணாக்கிக் கூட்டிவிடும், சம் ஃபார்முலா விட்டுவிடும். இடப்பக்கம் ஒட்டி நிற்கும் எண்ணைக் கண்டால் உஷார்.

மகளுக்கு வேறொரு குழப்பம். மழை நாள் ஐந்துக்கும் திட்டவிலக்கம், அதாவது அளவுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பது, எஸ்டிடெவ்.எஸ் ஃபார்முலாவில் 7.75, எஸ்டிடெவ்.பியில் 6.93. எது சரி? சராசரி 12இலிருந்து விலகல்கள் -8, 6, -2, 10, -6. விலகல்களைக் கூட்டினால் எப்போதும் 0 என்பதால், முதல் நான்கு தெரிந்தாலே ஐந்தாவது தானாக வந்துவிடும். புதிதாகச் செய்தி சொல்பவை 4தான். வர்க்கங்களின் கூட்டுத்தொகை 240. அதை எஸ் 4ஆல் வகுக்கிறது, பி 5ஆல். அப்புறம் வர்க்கமூலம். இந்த மழைகளை மாதிரியாக வைத்துப் பொதுவாக ஏப்ரல் மழையைப் பற்றிப் பேசுவதென்றால் எஸ், இந்த மாதக் கதை மட்டும் போதுமென்றால் பி. 30 நாளையும் எடுத்தால் 5.38, 5.29. வித்தியாசம் சுருங்கிவிடுகிறது.

கோடுகளை 0 ஆக்கி, 18ஐத் திருத்தியதும் சராசரி 2 ஆனது. அப்போதுதான் நண்பருக்கு நினைவு வந்தது. 22 மில்லிமீட்டர் எழுதியதற்கு முந்தின நாள் கல்யாணத்துக்காகச் சேலம் இறங்கியிருந்தார், மழைமானியை யாரும் பார்க்கவில்லை. அந்த 22 இரண்டு நாள் தண்ணீர்! மொத்தம் மாறாததால் சராசரி தப்பியது, திட்டவிலக்கம் மாட்டிக்கொண்டது.

"பாதி பாதியாப் போட்டுக்கலாமுங்களா?"

வேண்டாம், பக்கத்து செல்லில் 'இரண்டு நாள் சேர்த்து' என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள் என்றேன்.