மெட்டபாலிக் சிண்ட்ரோம், தமனி விறைப்பு: சொல் விளக்கம்

"லேசா சுகர், பிரஷரும் பார்டர்லதான், கொழுப்பு கொஞ்சம் கூட, மத்தபடி ஒண்ணுமில்லை." ஐம்பதைத் தாண்டியவர்கள் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு இப்படித்தான் சொல்கிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே லேசுதான். ஆனால் மூன்றும் ஒருவரிடமே சேர்ந்திருந்தால் அதற்குத் தனிப்பெயர் உண்டு: மெட்டபாலிக் சிண்ட்ரோம்.

சிண்ட்ரோம் கிரேக்கத்திலிருந்து வந்தது. 'சின்' என்றால் சேர்ந்து, 'ட்ரோமோஸ்' என்றால் ஓட்டம். ஆக, கூடி ஓடி வருவது. 'மெட்டபோலே' என்பதற்கு மாற்றம் என்று மட்டும்தான் பொருள். இந்த இடத்தில் தமிழ்ச் சொல்லே தெளிவானது. உடல் ஒரு பக்கம் சேர்த்துக் கட்டுவதும் இன்னொரு பக்கம் உடைத்து ஆற்றல் எடுப்பதும் 'வளர்சிதை மாற்றம்' என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. அதனால் 'வளர்சிதைமாற்றக் கூட்டறிகுறி'. 'நோய்த்தொகை' என்றும் எழுதுகிறார்கள், ஆனால் இது தனியொரு நோய் இல்லை என்பதால் எனக்குக் கூட்டறிகுறிதான் பொருத்தமாகப் படுகிறது.

அமெரிக்க மருத்துவர் ஜெரால்ட் ரீவன் 1988-இல் இதை 'சிண்ட்ரோம் எக்ஸ்' என்று அழைத்தார். இன்சுலினுக்கு உடல் சரிவர இணங்காததே வேர் என்றார். இப்போதைய கணக்கில் ஐந்தில் மூன்று இருந்தால் போதும்: பெருத்த இடுப்புச் சுற்றளவு (தெற்காசிய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. முதல்), வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 அல்லது அதற்கு மேல், ரத்த அழுத்தம் 130/85 அல்லது அதற்கு மேல், டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 150 அல்லது அதற்கு மேல், நல்ல கொழுப்பான எச்.டி.எல். குறைவு.

சரி, இதில் தமனி எங்கே வருகிறது? இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும், அதிலிருந்து கிளம்பும் முதன்மைக் குழாயான பெருந்தமனி விரிந்து கொஞ்சம் ரத்தத்தைத் தாங்கிக்கொள்கிறது, அப்புறம் தானாகவே பழைய அளவுக்குத் திரும்பி அதை முன்னே தள்ளுகிறது, அதனால்தான் இதயம் ஓய்வெடுக்கும் நொடியிலும் ஓட்டம் நிற்பதில்லை. இந்தப் பண்பை 'நெகிழ்வுத்தன்மை' என்று பலர் எழுதுகிறார்கள். அது பாதிதான் சரி. நெகிழ்வது வளைந்து கொடுப்பது; இங்கே முக்கியம் திரும்பி வருவது. 'மீள்தன்மை' என்பதே சரியான சொல். அதை இழப்பது 'தமனி விறைப்பு'. இதையும் 'தமனித் தடிப்பு' என்பதையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. தடிப்பு என்பது உட்சுவரில் கொழுப்புப் படிவு சேர்வது, விறைப்போ சுவரே இறுகிப்போவது.

மீள்தன்மை தருவது எலாஸ்டின் என்ற புரத இழை. இதில் பெரும்பகுதி சிறுவயதிலேயே உருவாகிவிடுகிறது, பின்னால் புதிதாக அதிகம் வருவதில்லை. வயதானால் அது தேய்வது இயல்பு. கூட்டறிகுறி உள்ளவர்களிடம் இந்தத் தேய்வு முன்கூட்டியே வேகமெடுக்கிறது: கூடுதல் சர்க்கரை, சுவரில் உள்ள இன்னொரு புரதமான கொலாஜனின் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து இறுக்குகிறது, இன்சுலின் இணக்கம் குறைவதால் குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடும் குறைகிறது, அதன்மேல் உயர் அழுத்தம் வேறு ஓயாமல் இடிக்கிறது.

அறுபது வயதுக்காரருக்கு 155/70 என்று வந்தால் "கீழ் பிரஷர் நார்மல்தானே" என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படி விட்டுவிடாதீர்கள். பெருந்தமனி விறைத்தால் மேல் எண் ஏறும், கீழ் எண் இறங்கும், இடைவெளி அகலும். நேரடியாக அளக்க 'துடிப்பலை வேகம்' பார்க்கிறார்கள். கழுத்துத் தமனிக்கும் தொடைத் தமனிக்கும் இடையே அலை நொடிக்கு 10 மீட்டருக்கு மேல் ஓடினால் விறைப்பு கூடுதல் என்று கொள்கிறார்கள்.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் வளர்சிதை மாற்றம் 'அனுசேபம்', தமனி 'நாடி'. அங்கே நாடி என்றால் குழாய். தமிழகத்தில் அது மணிக்கட்டில் பிடித்துப் பார்க்கும் துடிப்பு என்பதால், இரு கரைக்கும் சேர்த்து எழுதுபவர்கள் முதல் இடத்திலேயே எதைச் சொல்கிறோம் என்று காட்டிவிடுவது நல்லது.