மன்னிப்பு அல்ல, பழிநீக்கம்

ராமேசுவரம் பக்கத்து மீனவ ஊரான தங்கச்சிமடத்தில் ஒரு டீக்கடை. தொலைக்காட்சியில் தமிழ்க் குரலோடு ஒரு அமெரிக்க ஆவணப்படம். செய்யாத கொலைக்காகப் பல ஆண்டுகள் சிறையில் கிடந்தவரை மரபணுச் சோதனை நிரபராதி என்று காட்டிவிட, நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்கிறது. உடனே பின்னணிக் குரல்: "அவருடைய குற்றம் மன்னிக்கப்பட்டது." என் பக்கத்திலிருந்த வயதான சம்மாட்டி (படகுச் சொந்தக்காரர்) டம்ளரைக் கீழே வைத்தார். "செய்யாதவனை எதற்குத் தம்பி மன்னிக்கிறார்கள்?"

அந்த ஊரில் இது வெறும் இலக்கணக் கேள்வி அல்ல. 2011-இல் இலங்கையில் பிடிபட்ட அந்த ஊர் மீனவர்கள் ஐந்து பேருக்குப் போதைப்பொருள் வழக்கில் 2014 அக்டோபர் 30 அன்று கொழும்பு உயர் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. மேல்முறையீடு போனது, மன்னிப்புக்கு வழிவிட அது திரும்பப் பெறப்பட்டது. நவம்பர் 19 அன்று இலங்கை அதிபர் ராஜபக்சவின் மன்னிப்பில் வெளியே வந்தார்கள். உயிர் மீண்டது. 'நாங்கள் செய்யவில்லை' என்ற அவர்கள் சொல்லுக்கு மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் பதில் மட்டும் வரவே இல்லை. மன்னிப்பு என்ற சொல் அங்கே சரி. (பத்திரிகைகள் அதைப் 'பொது மன்னிப்பு' ஆக்கியது வேறு கதை. ஐந்து பேருக்குத் தந்ததில் பொது எங்கே வந்தது?)

ஆவணப்படத்தில் நடந்தது வேறு. தண்டிக்கப்பட்டவர் குற்றமற்றவர் என்று நிலைநாட்டப்படுவதை ஆங்கிலத்தில் 'எக்சோனரேஷன்' என்பார்கள். அது லத்தீன் வழிச் சொல். 'ஓனஸ்' என்றால் சுமை; எக்சோனரேஷன் என்றால் அந்தச் சுமையை இறக்குவது. நாமும் பழியைச் 'சுமத்து'கிறோம் அல்லவா? ஆகவே பழிநீக்கம்.

'குற்றநீக்கம்' என்று சிலர் எழுதுகிறார்கள். இதுதான் எனக்கு ஆகவே ஆகாது. இருந்தால்தானே நீக்க? குற்றம் செய்தவனிடம் இருப்பது. பழி பிறர் கொண்டுவந்து வைப்பது. குற்றமற்றவன் மேலும் பழி நிஜமாகவே உட்கார்ந்திருக்கும். 'குற்றச்சாட்டு நீக்கத்தின் சுருக்கம்' என்பார்கள். தண்டனையே விதித்த பிறகு, நீக்கக் குற்றச்சாட்டா மிச்சம் இருக்கிறது? இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணன் உளவு வழக்கில் 1994-இல் கைதானார். வழக்கு பொய் என்று 1996-இலேயே சிபிஐ சொல்லிவிட்டது. 50 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2018-இல்தான். இடைப்பட்ட காலத்தில் அவர் சுமந்தது குற்றமா, பழியா? பழி என்றால் பழிவாங்கலும் நினைவுக்கு வரும் என்பது ஓர் ஆட்சேபம். பழிநீக்கம் என்றதும் யாரும் அரிவாளைத் தேடப்போவதில்லை. 'நிரபராதி' என்ற சொல்லை வடமொழி என்று விரட்டுகிறவர்களோடும் நான் சேரமாட்டேன். அது தெளிவான சொல்; இருந்துவிட்டுப் போகட்டும்.

எல்லாவற்றையும் விழுங்குகிற சொல் ஒன்று உண்டு: விடுதலை. சந்தேகத்தின் பலனில் வந்தாலும் விடுதலை, ஜாமீனில் வந்தாலும் விடுதலை. இலங்கையின் மன்னார், ஊர்காவற்றுறை நீதிமன்றங்கள் எல்லை தாண்டியதாகப் பிடிபட்ட மீனவர்களுக்குப் பல முறை ஒத்திவைத்த சிறைத்தண்டனை விதித்து அனுப்புகின்றன. ஒத்திவைத்த காலத்துக்குள் மறுபடி பிடிபட்டால் பழைய தண்டனையும் சேர்ந்துகொள்ளும். இங்கே தலைப்பு 'மீனவர்கள் விடுதலை'. அதை நம்பி மறுவாரமே வலை ஏற்றுகிறவனுக்கு யார் பொறுப்பு?

ஆவணப்படத்துக்குத் தமிழ் எழுதியவர் பின்னணிக் குரலுக்கு நேரம் போதவில்லை என்றும் சொல்ல முடியாது. 'குற்றம் மன்னிக்கப்பட்டது' என்பதைவிடப் 'பழி நீங்கியது' சின்னது.