நியர் மிஸ் என்பது ‘அருகில் தவறியது’ அல்ல

மருத்துவமனைப் படிவங்களையும் பயிற்சி ஏடுகளையும் தமிழாக்குகிறவர்கள் ‘நியர் மிஸ்’ என்ற சொல்லைக் கண்டதும் ‘அருகில் தவறிய நிகழ்வு’ என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு தடவை பார்த்தால் பொறுத்துக்கொள்ளலாம். ஒருவர் எழுதியதைப் பார்த்து இன்னொருவர் எழுதி, இப்போது அது கலைச்சொல்லாகவே நடமாடுகிறது. நோயாளிகளின் உயிரோடு தொடர்புள்ள சொல் இது. அதனால்தான் இதைப் பற்றி விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் பொருள். ஒரு செவிலியர் ஊசி போடக் கையை நீட்டுகிறார். சீட்டை மறுபடி ஒருமுறை படிக்கிறார். குறிப்பில் எழுதியதைவிடப் பத்து மடங்கு அதிகமான டோஸ் சிரிஞ்சில் இருக்கிறது. ஊசியை ஒதுக்கி வைத்துவிடுகிறார். நோயாளிக்கு எதுவும் ஆகவில்லை, நடந்தது அவருக்குத் தெரியவும் தெரியாது. இதுதான் நியர் மிஸ். உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வகைப்பாடு இதை ஒரே வரியில் முடிக்கிறது: நோயாளியை எட்டாத நிகழ்வு. எட்டியும் தீங்கு செய்யாதது வேறு வகை. எட்டித் தீங்கும் செய்தது மூன்றாவது வகை. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் சொல்லாக்கத்தில் பாதி வேலை முடிந்தது.

சொல்லின் பிறப்பு போர்க்களத்தில். இரண்டாம் உலகப் போரில் கப்பல்மேல் விழாமல் பக்கத்துக் கடலில் விழுந்த குண்டை அப்படிச் சொன்னார்கள். அப்புறம் நடுவானில் மோதாமல் விலகிய விமானங்களுக்கு அந்தப் பெயர் வந்தது. அங்கிருந்து தொழிற்சாலைக்கும் மருத்துவமனைக்கும் போனது. ஆங்கிலத்திலேயே இது குழப்பமான சொல்தான். ‘நூலளவில் தவறியது’ என்ற பொருளில் ஆண்டாலும், சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டால் ‘ஏறக்குறையத் தவறியது’, அதாவது பட்டேவிட்டது என்றும் படிக்கலாம். அந்தக் குழப்பத்தையும் சேர்த்து நாம் ஏன் இறக்குமதி செய்ய வேண்டும்?

சரி, ‘தவறிய’ என்ற சொல்லுக்கு வருவோம். தமிழில் தவறுதல் எத்தனை வேலை செய்கிறது என்று பாருங்கள். அம்பு குறி தவறியது. ரயிலைத் தவறவிட்டேன். கால் தவறி விழுந்தார். அவர் போன வாரம் தவறிவிட்டார். கடைசி வாக்கியம் மருத்துவமனையில் ஒவ்வொரு நாளும் ஒலிப்பது, அங்கே அதற்கு ஒரே பொருள்தான்: இறந்துவிட்டார். அதற்கு முந்திய வாக்கியமும் மருத்துவமனைக்கு உரியதே. நோயாளிகள் தவறி விழுவது பாதுகாப்புப் பதிவேடுகளில் தனி வகை, அதற்கெனத் தனிப் படிவமே இருக்கும். இந்த இடத்தில் ‘அருகில் தவறியவை எத்தனை?’ என்று ஒரு கட்டம் போட்டால் வார்டில் நிற்பவர் எதை நிரப்புவார்? கட்டில் அருகே விழுந்தவர்களையா, பக்கத்துக் கட்டிலில் இறந்தவரையா? நான் மிகைப்படுத்தவில்லை. ஆங்கில மூலத்தை அறியாத ஒருவரிடம் இந்தத் தொடரைக் கொடுத்துப் பொருள் கேட்டுப் பாருங்கள். எந்தப் பதிலும் சிரிஞ்சைத் தள்ளி வைத்த அந்தச் செவிலியரிடம் போய்ச் சேராது.

‘அருகில்’ என்பதும் சரியில்லை. குண்டுக்கு அருகு உண்டு, கப்பல் இங்கே, குண்டு அங்கே. மருந்துப் பிழையில் எது எதற்கு அருகில்? மருந்தகத்திலேயே பிடிபட்ட பிழையும் நியர் மிஸ்தான், நோயாளி அப்போது இரண்டு மாடி தள்ளிப் படுத்திருப்பார்.

இதைவிட நல்லது என்று சிலர் முன்வைப்பது ‘மயிரிழையில் தப்பியது’, அல்லது அதையே சுருக்கி ‘நூலிழைத் தப்பல்’. காதுக்கு இனிமையாக இருக்கிறது, உயிருள்ள தமிழ் வழக்கு என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மருத்துவமனைக்கு இது பொருந்தவே பொருந்தாது. தப்பியவர் யார் என்ற கேள்வி முதலில் எழும். ‘தப்பித்தான்’ என்றால் ஆபத்திலிருந்து தப்பியதும் உண்டு, பிடிபடாமல் தப்பியதும் உண்டு. தன் பிழையைத் தானே எழுதிக் கொடுக்க வரும் ஒருவர் கையில் ‘தப்பல் அறிக்கை’ என்று ஒரு தாளை நீட்டினால், தப்பியவர் நோயாளியா, தானா என்று அவருக்கு உறுத்தும். போதாததற்குத் ‘தப்பு’ என்றாலே குற்றம் என்றும் பொருள். இந்தப் படிவத்தின் உயிரே, எழுதுபவர் அஞ்சாமல் எழுத வேண்டும் என்பதில் இருக்கிறது. அஞ்ச வைக்கும் சொல்லைத் தலைப்பிலேயே வைத்தால் பெட்டி காலியாகத்தான் கிடக்கும்.

‘மயிரிழை’ செய்யும் தீங்கு இன்னும் பெரிது. அது எல்லாவற்றையும் அதிர்ஷ்டத்தின் கணக்கில் எழுதிவிடுகிறது. ஆனால் பெரும்பாலும் நடப்பது வேறு. ஒருவர் கவனித்திருப்பார், அல்லது ஒரு சரிபார்ப்பு முறை வேலை செய்திருக்கும். ரத்த மாதிரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நோயாளியின் ரத்தத்தை எடுத்துக் குழாயில் இன்னொருவர் பெயரை ஒட்டிவிடுகிறார்கள். ஆய்வகத்தில் பழைய பதிவோடு ஒப்பிடும்போது ரத்த வகை பொருந்தவில்லை, மாதிரியை நிராகரிக்கிறார்கள். இங்கே மயிரிழை எதுவும் இல்லை, பழைய பதிவோடு ஒப்பிட வேண்டும் என்ற விதிதான் ஓர் உயிரைக் காத்தது. பிரிட்டனில் 1996 முதல் இயங்கும் ரத்த ஏற்றக் கண்காணிப்புத் திட்டம் இத்தகைய எட்டாத பிழைகளையும் கேட்டு வாங்கித் தொகுக்கிறது. அதிர்ஷ்டத்தைத் தொகுத்து என்ன கற்றுக்கொள்ள முடியும்?

இங்கே நம் மொழியின் ஒரு விந்தையைச் சொல்லியாக வேண்டும். தவறு, தப்பு, பிழை மூன்றுமே பெயராக வந்தால் குற்றம் என்ற பொருளைத் தருகின்றன. வினையாகும்போதுதான் பிரிந்து ஓடுகின்றன: தவறினார் என்றால் இறந்தார், தப்பினார் என்றால் மீண்டார், பிழைத்தார் என்றால் உயிரோடு இருக்கிறார். பழந்தமிழில் ‘பிழைத்த’ என்பதற்கு நேராகக் ‘குறி தவறிய’ என்ற பொருளே உண்டு. ‘யானை பிழைத்த வேல்’ என்கிறது 772-ஆம் குறள், யானையின் மேல் எறிந்து படாமல் போன வேல். போர்க்கள மிஸ்ஸுக்கு இதைவிடச் சரியான தமிழ் கிடையாது. ஆனாலும் இன்றைய படிவத்தில் ‘பிழைத்த நிகழ்வு’ என்று போட முடியாது, உயிர் பிழைத்ததாகத்தான் படிப்பார்கள். ஆகவே இந்த மூன்று சொற்களின் எச்ச வடிவங்களை, தவறிய, தப்பிய, பிழைத்த ஆகியவற்றை, இந்த இடத்தில் தொடக்கூடாது. பெயர் வடிவம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம், அதில் ஐயம் எழாது.

மற்ற நாட்டார் என்ன செய்தார்கள்? ஜப்பானியர் மொழிபெயர்க்கவே இல்லை. முதுகு சில்லிடுவதையும் திடுக்கிடுவதையும் குறிக்கும் தங்கள் சொற்களைச் சேர்த்து ‘ஹியாரி ஹத்தோ’ என்று ஆக்கிக்கொண்டார்கள், தொழிற்சாலையிலும் மருத்துவமனையிலும் அதுதான் வழக்கு. பிரிட்டனில் 2001-இல் தொடங்கிய தேசிய நோயாளி பாதுகாப்பு முகமை, ஆங்கிலமே தாய்மொழியாக இருந்தும், தன் வகைப்பாட்டில் ‘தடுக்கப்பட்டது’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டது. மூலமொழிக்காரரே தெளிவுக்காக மாற்றிக்கொண்ட சொல்லை நாம் மட்டும் எழுத்துக்கு எழுத்து பின்பற்றுவது எதற்கு?

என் முடிவு: எட்டாப் பிழை. உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை அப்படியே இதற்குள் இருக்கிறது. எட்டாக் கனி என்று அறிந்த காதுக்கு இது புதிதல்ல. அடுத்த வகைக்கு ‘எட்டிய பிழை’ என்று தானாகவே இணைச்சொல் கிடைக்கிறது. ‘தடுத்த பிழை’ என்பதும் நன்றாகத்தான் இருக்கிறது, இன்னும் எளிது, தடுத்தவருக்கு உரிய பெருமையையும் தருகிறது. ஆனால் யாரும் தடுக்காமலே எட்டாமல் போகும் பிழைகளும் உண்டு. நோயாளி ஸ்கேனுக்குப் போயிருந்த நேரத்தில் தவறான மருந்து வந்து திரும்பிப் போகும். அதுவும் எழுதப்பட வேண்டியதே. ‘தடுத்த’ என்றால் அது விடுபட்டுவிடும். ‘எட்டா’ என்பதை எட்டு என்ற எண்ணோடு குழப்பிக்கொள்வார்கள் என்று ஒரு மறுப்பு வரலாம். எட்டாம் பிழை வேறு, எட்டாப் பிழை வேறு. வல்லெழுத்தை மிகுத்து எழுதினால் குழப்பம் வராது.

ஒரு சொல்லுக்கு ஏன் இத்தனை என்றால், எட்டாப் பிழையை எழுதிப் பகிராமல் விட்டதற்கு உலகம் கொடுத்த விலை தெரியும். 1974 டிசம்பர் 1 அன்று வாஷிங்டன் டல்லஸ் நிலையத்தில் இறங்க வந்த டிடபிள்யூஏ 514 விமானம் வர்ஜீனியாவில் மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். ஆறு வாரத்துக்கு முன் இன்னொரு நிறுவனத்தின் விமானம் இறங்கும் உயரம் பற்றிய அதே குழப்பத்தில் அதே மலையை மயிரிழையில் கடந்திருந்தது. அந்த நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது. மற்ற நிறுவனங்களுக்குச் செய்தி போகவில்லை. 1976-இல் நாசா நடத்தத் தொடங்கிய ரகசிய அறிக்கை முறை இதன் பின்விளைவு. பிரிட்டனில் 2000-இல் தலைமை மருத்துவ அலுவலர் லியாம் டொனால்ட்சன் தலைமையிலான குழு விமானத் துறையின் இந்தப் பாடத்தைத்தான் சுட்டிக்காட்டியது. 2003-இல் இங்கிலாந்து, வேல்ஸ் பொது மருத்துவத் துறைக்கென ஒரே தேசியப் பதிவு முறை வந்தது. ஒரு மருத்துவமனையில் சிரிஞ்சை ஒதுக்கி வைத்த செய்தி நாட்டின் மறுகோடியில் இருக்கும் வார்டுக்குப் போக வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். அந்தச் செய்தியை எழுதுகிறவருக்குக் கட்டத்தின் பெயர் புரிய வேண்டாமா?

இது ஒரு சொல்லோடு நிற்கும் குறையாக இருந்தால் விட்டுவிடலாம். இங்கிலாந்து 2009-இல் பட்டியலிட்ட ‘நெவர் ஈவன்ட்’, உறுப்பு மாறி அறுவை செய்வது, வயிற்றுக்குள் அறுவைக் கருவியை வைத்துத் தைத்துவிடுவது போன்றவை, தமிழில் ‘ஒருபோதும் நிகழா நிகழ்வு’ ஆகிறது. நிகழா என்றால் நிகழாது என்று பொருள். நிகழ்ந்துகொண்டிருப்பதால்தானே பட்டியலே போட்டார்கள்? ‘நிகழக்கூடாதவை’ என்று எழுத என்ன தடை? ‘இன்சிடென்ட்’ என்றால் கண்ணை மூடிக்கொண்டு ‘சம்பவம்’, அது காவல் நிலைய வாடையோடு வருகிறது. நோயாளி பாதுகாப்பைக் கவனிப்பவர் அறையில் ‘பாதுகாப்பு அலுவலர்’ என்று பலகை மாட்டினால் வாசலில் நிற்கும் காவலரைத் தேடுகிறார்கள். அகராதியில் முதலில் இருக்கும் பொருளை எடுத்து ஒட்டிவிட்டு, வார்டில் வேலை செய்யும் ஒருவரிடம்கூடப் படித்துக் காட்டாமல் அச்சுக்கு அனுப்பும் பழக்கம் இது. தூய தமிழா, கலப்புத் தமிழா என்ற சண்டை அப்புறம் இருக்கட்டும். ‘நியர் மிஸ்’ என்று தமிழ் எழுத்தில் அப்படியே எழுதியிருந்தால்கூட ‘அருகில் தவறியது’ அளவுக்குக் கெடுதி வந்திருக்காது.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. மகப்பேற்று மருத்துவத்திலும் நியர் மிஸ் உண்டு, அதற்கு எட்டாப் பிழை என்று எழுதிவிடாதீர்கள். கர்ப்பத்திலோ பிரசவத்திலோ அதன்பின் 42 நாளுக்குள்ளோ சாவின் விளிம்புக்குப் போய் மீண்ட பெண்ணைக் குறிப்பது அது. இந்தியாவில் இவர்களைப் பற்றி ஆய்வு செய்வதற்கான வழிகாட்டுதலை மத்திய சுகாதார அமைச்சகம் 2014 டிசம்பரில் வெளியிட்டது. இங்கே தீங்கு எட்டிவிட்டது, உயிர் மட்டும் போகவில்லை. பிழை என்று எதுவும் நடந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. இதற்கு ‘செத்துப் பிழைத்தவர்’ என்ற பேச்சுவழக்கு மிகச் சரியாகப் பொருந்துகிறது, ஆனால் அந்தப் பெண்ணே படிக்கக்கூடிய ஏட்டில் அப்படி எழுத மனம் வரவில்லை. ‘உயிர்மீண்ட தாய்’ என்று எழுதலாம்.