யாரும் ஆர்டர் செய்யாத உணவு செய்யும் வேலை

உணவகம் தொடங்கப் போகும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "மெனு கார்டை விரித்ததும் எல்லோருடைய கண்ணும் முதலில் வலது பக்கத்தின் மேல்பகுதிக்குத்தான் போகுமாம். லாபம் அதிகமுள்ள உணவை அங்கே போடுங்கள் என்கிறார் வடிவமைப்பாளர். இது உண்மையா?"

பல ஆண்டுகளாக இந்தத் துறையில் சொல்லப்பட்டுவரும் நம்பிக்கை இது. சிபில் யாங் என்ற ஆய்வாளர், கருவி வைத்து வாசிப்பவர்களின் கண் அசைவைப் பதிவுசெய்து, 2012-ல் முடிவுகளை வெளியிட்டார். மக்கள் மெனு கார்டைப் புத்தகம் போலத்தான் வாசித்தார்கள்: இடமிருந்து வலம், மேலிருந்து கீழ். கண்ணைக் கட்டிப்போடும் தனி மூலை எதுவும் தென்படவில்லை. மூலை பார்த்து அதிர்ஷ்டத்தை எதிர்பார்ப்பது வீட்டுக்கும் உதவாது, மெனு கார்டுக்கும் உதவாது.

இடத்துக்கு மதிப்பே இல்லை என்று சொல்லவில்லை. ஒரு பிரிவுக்குள் உணவுகளின் வரிசையை மாற்றி மாற்றிப் பார்த்த ஆய்வு ஒன்று 2011-ல் வந்தது. தயான், பார்-ஹில்லெல் இருவரும் செய்தது. நடுவில் இருந்தபோது கிடைத்ததைவிட, பட்டியலின் தலையிலோ காலிலோ இருந்தபோது அதே உணவுக்கு இரண்டு மடங்கு வரைகூட ஆர்டர் வந்தது. சரி, இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இதைவிடப் பிடித்த சங்கதி வேறொன்று இருக்கிறது.

ஒரு மெனுவில் ஒரே உணவு இரண்டு அளவுகளில் இருக்கிறது. சின்னது, விலை குறைவு. பெரியது, விலை அதிகம். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் இதையும் பாதிப் பேர் அதையும் வாங்குகிறார்கள். இப்போது மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கிறோம்: பெரியதைவிடக் கொஞ்சம் சிறியது, ஆனால் விலை பெரியதற்கு உள்ளதேதான். அதை யார் வாங்குவார்கள்? கிட்டத்தட்ட யாருமில்லை. ஆனால் அது வந்தபிறகு, பெரியதை வாங்குபவர்களின் எண்ணிக்கை கூடிவிடும்!

இப்படி நடக்கும் என்று ஹூபர், பெய்ன், புட்டோ என்ற மூவர் 1982-ல் காட்டினார்கள். அதுவரை பாடப்புத்தகங்கள் சொன்னது வேறு. புதிதாக வரும் பொருள் பழையவற்றின் பங்கிலிருந்து எடுத்துக்கொள்ள முடியும். பழைய ஒன்றின் பங்கைக் கூட்ட முடியாது.

காரணம் என்ன? சின்னதையும் பெரியதையும் ஒப்பிடுவது கடினம். ஒன்று விலையில் ஜெயிக்கிறது, இன்னொன்று அளவில். பெரியதையும் மூன்றாவதையும் ஒப்பிடுவதோ மிகச் சுலபம்: விலை ஒன்றுதான், அளவு கூட. பெரியது தெளிவாக ஜெயிக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரோடு மோதி ஜெயித்த அந்தப் பெருமை, சின்னதோடு மோதும்போதும் கூடவே வந்துவிடுகிறது.

மனிதர்களின் கணக்குப் பலவீனம்தான் இது என்று நினைக்கத் தோன்றும். இங்கேதான் பைசாரம் வருகிறது. பெயரளவில் சளிப்பூஞ்சை, உண்மையில் பூஞ்சையே இல்லை. கண்ணால் பார்க்குமளவு பரந்து வளரும் ஒற்றைச் செல் உயிரி. மூளை கிடையாது, ஒரு நரம்புகூடக் கிடையாது. ஓட்ஸ் பிடிக்கும், வெளிச்சம் ஆகாது. டான்யா லாட்டி, மேடலின் பீக்மன் இருவரும் இதற்கு ஒரு மெனு தயாரித்தார்கள்: இருட்டில் 3 சதவீதம் ஓட்ஸ் கலந்த உணவு, வெளிச்சத்தில் 5 சதவீதம் கலந்த உணவு. இரண்டில் எது வேண்டும் என்பதில் அதற்குப் பெரிய விருப்பு வெறுப்பு இல்லை. பிறகு இருட்டில் 1 சதவீதம் மட்டும் கலந்த உணவையும் வைத்தார்கள். அந்தப் பக்கம் அது அரிதாகவே போனது. ஆனால் 3 சதவீதத்தின் மீது தெளிவான ஆசை வந்துவிட்டது. 2011-ல் வந்த இந்த முடிவை முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

பைசாரத்தின் உடல் முழுவதும் விரிந்து சுருங்கித் துடித்துக்கொண்டே இருக்கும். உணவைத் தொட்ட பகுதி வேகமாகத் துடிக்கும், வெளிச்சம் பட்ட பகுதி மெதுவாக. ஒவ்வொரு பகுதியின் துடிப்பும் பக்கத்துப் பகுதியை இழுக்கிறது. அதாவது, "இது எவ்வளவு நல்லது" என்று தனியாக அளக்கும் தராசு அதனிடம் இருப்பதாகத் தெரியவில்லை. "பக்கத்தில் இருப்பதைவிட எவ்வளவு நல்லது" என்பதைத்தான் அது பார்க்கிறது போலும். நம் மூளையிலும் ஒரு நரம்புச் செல்லின் குரல், அக்கம்பக்கத்துச் செல்களின் மொத்தக் கூச்சலோடு வகுக்கப்பட்டுத்தான் வெளியே வருகிறது. வெளிச்சத்தைப் பார்ப்பதற்கும் இதே ஏற்பாடுதான், விலையைப் பார்ப்பதற்கும் இதே ஏற்பாடுதான் என்று கருத நல்ல ஆதாரங்கள் இருக்கின்றன.

சளி ஊர்வதைப் பார்க்க ஆய்வுப் பணமா என்று கேட்பவர்களைச் சந்தித்திருக்கிறேன். தாராளமாகக் கொடுக்க வேண்டும் என்பேன். இதுபோன்ற ஆய்வுகள் வந்திராவிட்டால், எல்லாப் பழியையும் மனிதனின் கணக்குப் பலவீனத்தின்மேல் போட்டுக்கொண்டிருப்போம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. மூன்றாவது பொருளைச் சேர்க்கும் இந்த உத்தி மனிதர்களிடம் எப்போது பலிக்கிறது என்று 2014-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியாகச் சோதித்தன. ஒன்றில் அதே சிபில் யாங் இருந்தார். பொருளின் தன்மைகளை எண்களாகக் காட்டும்போது இந்த விளைவு நன்றாகத் தெரிகிறது. படமாகக் காட்டினாலோ சுவைக்கக் கொடுத்தாலோ பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. ஆக, அளவும் விலையும் எண்களாக இருக்கும் பட்டியலில் இது பலிக்க வாய்ப்புண்டு. புகைப்படம் நிறைந்த மெனுவில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். தோற்பதற்கென்றே ஒரு மோசமான உணவை உருவாக்குவது எனக்குப் பிடிக்காது. தெரியாமல் யாராவது அதை வாங்கினால் ஏமாறுவது அவர்தான். எளிதில் ஒப்பிடக்கூடியவற்றை அருகருகே வைத்தாலே போதும்.

வாசகருக்கு என் பதில் இதுதான்: வடிவமைப்பாளர் சொல்லும் கார்டு ஒன்று, நீங்கள் விரும்பும் கார்டு ஒன்று என இரண்டு அச்சிடுங்கள். ஒரு நாள் இது, மறுநாள் அது. இரண்டு கார்டுக்கும் எல்லாக் கிழமைகளும் கிடைக்கும்படி சில வாரங்கள் மாற்றி மாற்றிக் கொடுத்து, பில்களை எண்ணிப் பாருங்கள்.