டெலிவரி ஸ்கூட்டரும் வாடகை வீட்டு எர்த்தும்

புதுச்சேரித் தெருக்களில் பார்சல் கொண்டுவரும் வண்டிகளில் மின் வண்டிக்கான பச்சை நம்பர் பிளேட் கூடிக்கொண்டே போகிறது. 2025-க்குள் 10,000 மின் வண்டிகளை இறக்குவோம் என்று 2020-இல் சொன்ன அமேசான் இந்தியா, 2024-லேயே அந்த எண்ணிக்கையை எட்டிவிட்டது. ஃபிளிப்கார்ட்டின் இலக்கு 2030-க்குள் 25,000. டெல்லி அரசோ, டெலிவரி நிறுவனங்களின் வண்டிகள் அனைத்தும் 2030 ஏப்ரலுக்குள் மின்சாரத்துக்கு மாறியாக வேண்டும் என்று 2023-இல் விதியே போட்டுவிட்டது. நல்ல செய்திதான். ஆனால் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரனான எனக்கு இதைப் படித்தவுடன் தோன்றும் கேள்வி வேறு. இந்த வண்டிகளை ராத்திரி எந்தப் பிளக்கில் சொருகுகிறார்கள்?

பெங்களூரு, டெல்லி போன்ற இடங்களில் வரிசையாக சார்ஜர் வைத்த மைதானங்களும் பேட்டரியை மாற்றிக்கொண்டு போகும் நிலையங்களும் வந்துவிட்டன. நம் ஊரில் பார்சல் கடைசியாக ஏறுவது பெரும்பாலும் ஓர் இளைஞனின் சொந்த ஸ்கூட்டரில். அது சார்ஜ் ஆவது முத்தியால்பேட்டையிலோ அரியாங்குப்பத்திலோ கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலோ அவன் குடியிருக்கும் வாடகை வீட்டில். நிறுவனத்தின் பசுமைக் கணக்கு அந்த வீட்டுச் சுவரில் இருக்கும் பழைய பிளக் பாயிண்டில்தான் நிற்கிறது. அப்படிப்பட்ட பிளக்குகளைப் பழுது பார்ப்பது இப்போது என் வேலையில் கணிசமான பகுதியாகிவிட்டது.

முத்தியால்பேட்டையில் ஒரு வீடு. வண்டி கீழே சந்தில் நிற்கிறது, பிளக் முதல் மாடியில். ஜன்னல் வழியாக இறங்கிய எக்ஸ்டென்ஷன் வயர் அரைகுறையாக மூடிய கதவிடுக்கில் நசுங்கிக் கிடந்தது. பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தபோது மூன்று துளைகளில் ஒன்றைச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் பழுப்பேறி உப்பியிருந்தது. உள்ளே பித்தளைக் கவ்வி தளர்ந்து, பச்சை பூத்திருந்தது. "அயர்ன் பாக்ஸ் போட்டால் ஒன்றும் ஆவதில்லையே சார், ஸ்கூட்டர் அதைவிடக் கம்மிதானே இழுக்கும்?" என்று கேட்டார் அந்தத் தம்பி.

கேள்வி நியாயமானது. 750 வாட் சார்ஜர் இழுப்பது மூன்று, மூன்றரை ஆம்பியர்தான். அயர்ன் பாக்ஸ் அதைவிட அதிகம் இழுக்கும். ஆனால் அது சூடேறியதும் தானே நின்றுவிடும், துணி தேய்த்து முடித்ததும் நாமும் பிடுங்கிவிடுவோம். சார்ஜர் நான்கைந்து மணி நேரம் ஓயாமல், அதுவும் எல்லோரும் தூங்கும்போது இழுக்கிறது. கவ்வி தளர்ந்திருந்தால் அந்த ஒரு புள்ளியில் சூடு சேரும். சூட்டில் கவ்வி இன்னும் தளரும். அதனால் இன்னும் சூடாகும். அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் தானே அணையும் சுவிட்சான எம்.சி.பி. இதில் டிரிப் ஆகாது. ஓடுகிற கரண்ட் அளவுக்குள்தானே இருக்கிறது! கடலோர ஊரில் உப்புக்காற்று இந்த வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொடுக்கிறது. ஒரு மணி நேரம் சார்ஜ் ஆன பிறகு பிளக்கின் மேல் கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியவில்லை என்றால் அன்றைக்கே அந்தப் பாயிண்டை மாற்றிவிடுங்கள்.

இதைவிட என்னைக் கவலைப்பட வைப்பது எர்த், அதாவது கசிகிற கரண்டைத் தரைக்குள் இறக்கிவிடும் இணைப்பு. பழைய வீடுகளில் எர்த் வயரை இரும்புத் தண்ணீர்க் குழாயில் சுற்றிவிடுவது அந்தக் கால வழக்கம். பிறகு குழாயைப் பிளாஸ்டிக்குக்கு மாற்றுகிறார்கள். தண்ணீர் வருகிறது, எர்த் போய்விடுகிறது, யாருக்கும் தெரிவதில்லை. குருசுக்குப்பம் மாதிரி மணற்பாங்கான பகுதிகளில் எர்த் குழி இருந்தாலும் சித்திரை வெயிலில் காய்ந்து பேருக்குத்தான் இருக்கும்.

ஃபேனும் டிவியும் இதற்குக் கவலைப்படாது. மின் ஸ்கூட்டர் சார்ஜர்கள் சில கவலைப்படும். எர்த் இல்லையென்றால் சிவப்பு விளக்கைக் காட்டி சார்ஜ் ஏற்ற மறுத்துவிடும். உடனே தெருமுனை வயர்மேன் வருவார். பிளக் பாயிண்டைக் கழற்றி, கரண்ட் திரும்பிப் போகும் வயரான நியூட்ரலிலிருந்து எர்த் துளைக்கு ஒரு துண்டு வயரைக் கொக்கி போட்டு மாட்டுவார். சிவப்பு விளக்கு அணைந்துவிடும், அவருக்கு இருநூறு ரூபாய் கிடைக்கும். இதைச் செய்பவர்கள் மேல் எனக்கு வருகிற கோபத்தை எழுத்தில் காட்ட முடியாது. வெளியே எங்காவது நியூட்ரல் அறுந்தாலோ, பாயிண்டில் கரண்ட் வரும் பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தாலோ, ஸ்கூட்டரின் இரும்பு உடம்பு முழுக்க 230 வோல்ட் நிற்கும். மழையில் நனைந்த தரையில் வெறுங்காலோடு வண்டியைத் தொடுகிற பிள்ளைக்கு என்ன ஆகும்?

டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்தால் இந்தப் பித்தலாட்டம் தெரியாது. பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே லேம்ப் பிரகாசமாகவே எரியும். கரண்ட் கசிந்தால் உடனே துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. உள்ள வீட்டில்தான் மாட்டிக்கொள்ளும். உண்மையான எர்த் என்றால் லேம்ப் எரிவதற்கு முன்பே ஆர்.சி.சி.பி. டிரிப் ஆகிவிடும், கொக்கி போட்ட எர்த் என்றால் லேம்ப் நிம்மதியாக எரிந்துகொண்டிருக்கும். சந்தேகமிருந்தால் பாயிண்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். இதை நீங்களே செய்து பார்க்க வேண்டாம்.

மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள் சார்ஜிங் நிலையங்களுக்கு இவற்றையெல்லாம் தெளிவாகவே சொல்கின்றன. ஒவ்வொரு பாயிண்டுக்கும் தனி லைன், 30 மில்லி ஆம்பியருக்கு மிகாத ஆர்.சி.சி.பி., தரையிலிருந்து குறைந்தது 80 சென்டிமீட்டர் உயரத்தில் சாக்கெட், எக்ஸ்டென்ஷன் வயர் கூடவே கூடாது. வீட்டுக்கும் இதே அளவுகோலை வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் யோசனை. மெயின் பாக்ஸிலிருந்து 2.5 ஸ்கொயர் எம்.எம். வயரில் தனி லைன், 16 ஆம்பியர் சாக்கெட், அதற்கென ஓர் எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் போதும். சரக்கு ஏற்றும் மூன்று சக்கர வண்டியாக இருந்து தூரமும் அதிகமென்றால் வயர் 4 ஸ்கொயர் இருக்கட்டும்.

பார்சல்களைப் பிரித்து அனுப்பும் சின்ன ஷட்டர் கடைகளுக்கும் ஒரு வார்த்தை. பத்து ஸ்கூட்டரை ஒரே நேரத்தில் சார்ஜில் போட்டால் ஏழரை கிலோவாட். நீங்கள் மின்துறையிடம் வாங்கியிருக்கும் லோடு எவ்வளவு என்று பில்லைப் பாருங்கள். அட்டைப்பெட்டிக் குவியலுக்கு நடுவே சார்ஜர்களை வைக்காதீர்கள்.

வீடானாலும் கடையானாலும், வெளியேற இருக்கும் ஒரே வழியில் வண்டியை நிறுத்தி சார்ஜ் போடக் கூடாது. 2022 மார்ச்சில் வேலூரில் சார்ஜில் போட்டிருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத்திணறித் தந்தையும் மகளும் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த ஆண்டு நடந்த தொடர் தீவிபத்துகளுக்குப் பிறகு பேட்டரிக்கான ஏ.ஐ.எஸ். 156 விதிகள் 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டமாகக் கடுமையாக்கப்பட்டன. அதற்கு முந்தைய வண்டியோ, பில் இல்லாமல் வாங்கிய உள்ளூர்ப் பேட்டரியோ உங்களிடம் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும்.

வெள்ளமும் நமக்குப் புதிதல்ல. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ரெயின்போ நகரிலும் கிருஷ்ணா நகரிலும் வண்டிகள் மூழ்கின. அடுத்த நாள்களில் கடலூரில் தென்பெண்ணை கரை புரண்டது. ஐ.பி. 67 என்று பேட்டரியில் எழுதியிருப்பது, ஒரு மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதற்கு மட்டுமே. இரவு முழுக்கச் சாக்கடை நீரிலோ உப்பு நீரிலோ கிடந்ததற்கு அது உத்தரவாதம் இல்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 2022-இல் இயன் புயலில் கடல்நீர் புகுந்த மின் கார்கள் சில, வெள்ளம் வடிந்த பிறகு தீப்பிடித்தன. மூழ்கிய வண்டியை ஆன் செய்யாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். வீட்டிலிருந்து தள்ளித் திறந்தவெளியில் நிறுத்திவிட்டு சர்வீஸ் சென்டரை அழையுங்கள்.

காப்பீடு என் துறை இல்லை என்றாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 250 வாட்டுக்குள், 25 கிலோமீட்டர் வேகத்துக்குள் இருக்கும் ஸ்கூட்டருக்குப் பதிவும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம் என்பதால் பலர் அதையே டெலிவரிக்கு வாங்குகிறார்கள். மோதலில் யாருக்காவது அடிபட்டால் கைகொடுக்கப் பாலிசி இருக்காது. பச்சை பிளேட்டில் வெள்ளை எழுத்து சொந்த உபயோகத்துக்கு, மஞ்சள் எழுத்து வாடகை, சரக்கு வண்டிக்கு. சொந்த உபயோகப் பாலிசியை வைத்துக்கொண்டு பார்சல் ஓட்டினால் கிளெய்ம் சிக்கலாகும்.

நெய்வேலி நிலக்கரியில் தயாரான மின்சாரத்தில் ஓட்டிவிட்டு இதில் என்ன பசுமை என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நூறு கிலோமீட்டருக்கு மின் ஸ்கூட்டர் மூன்றரை யூனிட் எடுக்கும். இந்திய மின்கட்டமைப்பின் சராசரிப்படி சுமார் இரண்டரை கிலோ கரியமில வாயு. பெட்ரோல் ஸ்கூட்டர் அதே தூரத்துக்கு ஐந்து கிலோ விடும். பாதி மிச்சம், அதோடு நேரு வீதி நெரிசலில் புகையும் இல்லை.

பணக்கணக்கு அவ்வளவு எளிதாக இல்லை. கடலூர்க்காரர்கள் இங்கே வந்து டேங்க் நிரப்பிக்கொண்டு போகிற அளவுக்குப் புதுச்சேரியில் பெட்ரோல் மலிவு. அதையும் மீறி மின் வண்டி லாபம்தான். ஆனால் தினமும் மூன்றரை யூனிட் என்றால் வேலை நாள்களுக்கு மட்டும் மாதம் 90 யூனிட் கூடும், வீட்டு பில் அடுத்த ஸ்லாபுக்கு ஏறும். அந்தப் பாரம் பார்சல் கொண்டுவருபவன் தலையிலோ, வீட்டுக்காரர் தலையிலோதான் விழுகிறது.

லாஸ்பேட்டையில் டெலிவரி வேலை பார்க்கும் மூன்று இளைஞர்கள் குடியிருக்கும் ஒரு வீட்டில் இதனால் தகராறே வந்தது. தனி லைன் இழுத்து, ஆர்.சி.சி.பி.யும் ஒரு சப் மீட்டரும் போட்டுக் கொடுத்தேன். மாதம் முடிந்ததும் ரீடிங் பார்த்து அந்த யூனிட்டுக்கு மட்டும் வீட்டுக்காரரிடம் பணம் கொடுக்கிறார்கள். வயரிங் செலவைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டார்கள். எந்த நிறுவனத்தின் பார்சலைக் கொண்டுபோகிறார்களோ, அங்கேயும் ஒரு பங்கு கேட்டுப் பார்த்தார்களாம். வண்டி உங்களுடையது, வீடும் உங்களுடையது என்று பதில் வந்திருக்கிறது.